ஒரு கட்டம் குறைவு

அக்டோபர் 14, திங்கள்

ஐந்தாம் வகுப்புக்குப் பட்டை வரைபடம். புத்தகத்தில் ஏதேதோ ஊர்களின் மழையளவு போட்டிருக்கிறது. போளூரிலிருந்து மலையேறி வந்த எனக்கே அந்த ஊர்கள் எங்கே என்று தெரியாது. இங்கே பெய்கிற மழையையே அளக்கச் சொல்லிவிட்டேன். தலை வெட்டிய பாட்டில் இரண்டு, ஒரே அளவு. ஒன்று பள்ளிக்கூட வாசலில். பொறுப்பு வெற்றிவேல், அமிர்தியிலிருந்து மாற்றலாகி வந்த வனக்காவலர் மகன். இன்னொன்று வேலிக்கு அந்தப் பக்கம், அதே வகுப்புப் பூங்கோதை வீட்டில். காலையில் மருந்து பாட்டில் மூடியால் அளந்து கொட்டிவிட வேண்டும். ஒரு மூடிக்கு ஒரு கட்டம். கரும்பலகையில் இரண்டு பட்டையும் பக்கத்தில் பக்கத்தில்.

அக்டோபர் 17

வெற்றிவேல் 6. பூங்கோதை 5.

அக்டோபர் 22

9, 8. அப்புறம் 4, 3. இன்று 8, 7. இதென்ன கூத்து? ஒவ்வொரு முறையும் சரியாக ஒன்று குறைவு. வேலியைப் பார்த்தா மழை பெய்யும்?

பலகையைப் பார்த்து ஒன்றைக் கழித்து எழுதுகிறாள். காப்பியடித்ததும் தெரியாது, ரொம்பத் தப்பாகவும் இருக்காது. கெட்டிக்காரி. தலைமையாசிரியர் அருணகிரி சாரிடம் சொன்னேன். "இன்னா டீச்சர், மழத்தண்ணிலகூட துப்பு துலக்குவீங்களா?" என்று சிரித்தார். இவர் ஏன் சிரிக்க வேண்டும்?

மோர் குடித்தாலும் மோந்து பார்த்துத்தான் குடிப்பாய் என்று அம்மா என்னைச் சொல்வாள். சொல்லட்டும்.

அக்டோபர் 24

பூங்கோதையை முதலில் எழுதச் சொன்னேன். 6. பின்னால் வந்த வெற்றிவேல் 7. அப்படியானால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா?

அக்டோபர் 25

வெறும் தூறல். வெற்றிவேல் 1. பூங்கோதை 0. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"உங்க வூட்ல மழையே இல்லியா?"

"பேஞ்சுது டீச்சர்."

"அப்புறம் இன்னா சைபர்?"

"அளந்துதான் போட்டேன் டீச்சர்."

"பொய் சொல்லாத."

எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் பட்டைகளை நானே டஸ்டரால் அழித்தேன். அவள் அழவில்லை. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரம்.

அக்டோபர் 28

பூங்கோதை வரவில்லை.

அக்டோபர் 29

இன்றும் இல்லை. வெற்றிவேல்தான் சொன்னான். "பொய்க்காரின்னு சொன்னீங்கள்ல டீச்சர், இனிமே வரமாட்டாளாம். அவங்க அக்காகூட அஞ்சாவதோட நின்னுடுச்சு."

ஒரு கட்டத்துக்காக ஒரு பெண் படிப்பை விடுவாளா? விட்டுவிட்டால்?

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்தும் வரவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவா? இல்லை, பாட்டிலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். என் புத்தி அப்படி.

அவள் அப்பா முனிசாமி களத்தில் சாமை அளந்துகொண்டிருந்தார். முதல் படியை எண்ணாமல் தனியாக ஒரு முறத்தில் கொட்டினார். அடுத்த படிக்குத்தான் "ஒன்னு" என்றார்.

"மொதல் படிய ஏங்க எண்ணல?"

"அது சாமிக்குங்க. அத எப்டி எண்றது?"

பூங்கோதை பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சட்டென்று உறைத்தது.

"மழத்தண்ணிலயும் மொதல் மூடிய எண்ணலியா?"

"கீழ ஊத்திடுவேன் டீச்சர்."

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

கேட்கவில்லைதான். பொய் என்றேனே தவிர, எப்படி அளந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? வெட்கமாக இருக்கிறது. "தப்பு என்னுதுதான், நாளைக்கு வா" என்றேன். முனிசாமி அடுத்த படியை அளந்து சாக்கில் கொட்டினார்.

நவம்பர் 5

வரவில்லை.

நவம்பர் 6

வந்தாள். பூங்கோதை பொய் சொல்லவில்லை, நான்தான் விசாரிக்காமல் திட்டிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 8, வெள்ளி

நல்ல மழை. வெற்றிவேல் இன்னும் வரவில்லை. பூங்கோதை பலகையில் 5 என்று எழுதினாள். பட்டையை ஆறு கட்டத்துக்கு வரைந்தாள். அடிக் கட்டத்தை மட்டும் வண்ணம் தீட்டாமல் விட்டாள்.

ஆறுதானா என்று வாசல் பாட்டிலை நான் எட்டிப் பார்க்கவில்லை.