கோட்டை வாசலுக்கு எதிர்த்தெரு

ராத்தா,

இன்று காலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் திருகோணமலை லொறியொன்று நின்றது. சந்தி முழுக்கக் கருவாட்டு மணம். கீரை வாங்கப் போன நான் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். என் கூடப்பிறந்த நீங்கள் மௌத்தாகி இத்தனை காலத்துக்குப் பிறகும், அந்த மணம் வந்தால் முதலில் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அதற்குப் பிறகுதான் உங்கள் முகம் வருகிறது.

உலக யுத்தம் தொடங்கிய அந்த முப்பத்தொன்பதாம் வருடம், தலைப்பிள்ளைப் பேறுக்கு நீங்கள் இங்கே கண்டியில் நம் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். மச்சான் அங்கே, திருகோணமலைக் கோட்டை வாசலுக்கு எதிர்த்தெருவில், பேக்கரி நடத்திக்கொண்டிருந்தார். பட்டாளத்துக்குப் பாண் அவருடைய கடையிலிருந்துதான் போனது. யுத்தச் செய்தி வந்ததிலிருந்து அவரிடமிருந்து கடிதமில்லை. நாம் அடித்த தந்திக்கும் பதிலில்லை.

"அது கல்லுக்கோட்டை மகள். பீரங்கியும் இருக்கு. பக்கத்தில இருக்கிறவனுக்கு என்ன பயம்?" என்று வாப்பா தேற்றிப் பார்த்தார்.

"பக்கத்தில இருக்கிறதுதான் வாப்பா பயம்" என்றீர்கள்.

அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட பிறகு, கோட்டையின் சண்டைகளையெல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டை போலச் சொல்லப் பழகியிருந்தீர்கள். அங்கிருந்த கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே போர்த்துக்கேயர் கட்டினார்கள். நம் கண்டி ராஜாவின் உதவியோடு ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ராஜாவுக்கு மிஞ்சியது, ஒரு தொல்லை போய் இன்னொன்று வந்த, இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதைதான். பிறகு ஒரே வருடத்துக்குள் இங்கிலீஷ்காரன் பிடித்தான், பிரெஞ்சுக்காரன் பறித்தான். திரும்ப ஒல்லாந்தரிடம் போனதை, கடைசியில் இங்கிலீஷ்காரன் பீரங்கியால் சுவரை உடைத்து எடுத்துக்கொண்டான்.

"தோத்தவனெல்லாம் கொடியை இறக்கிப்போட்டுக் கப்பலேறிப் போனான் வாப்பா. வெளிய கடை வச்சிருந்தவன் எந்தக் கப்பல்ல போனான்?"

வாப்பா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். மறுநாள் நம் இருவரையும் அவரே கண்டி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டார்.

வழியெல்லாம் வயிற்றில் கைவைத்தபடி ஓதிக்கொண்டே வந்தீர்கள். கடை மூடியிருக்குமோ, மச்சானைக் காண முடியாமல் போகுமோ என்று நானும் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால், மனிதர் மாவு படிந்த கையோடு அடுப்படியில் நிற்கிறார். பட்டாளம் பெருகிவிட்டதாம், பாண் போட்டு மாளவில்லையாம். தந்தி சட்டைப்பையிலேயே கிடந்தது.

"சண்டை ஐரோப்பாவில புள்ள. இஞ்ச என்ன இருக்கு?" என்று சிரித்தார்.

அன்று பின்னேரம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கோட்டைப் பீரங்கி வெடித்தது. கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. கோப்பை உருண்டு உடைந்தது. மச்சான் பாய்ந்து வந்து உங்களை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினார். இரண்டாவது வெடியும் அடங்கிய பிறகுதான், "பயிற்சி... சும்மா பயிற்சிதான்" என்றார்.

நீங்கள் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தீர்கள். "பயிற்சிக்கே இப்படி நடுங்குதே?"

அவர் குனிந்து உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினார். அந்த வாரமே பேக்கரியை ஒரு தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு நம்மோடு புறப்பட்டார்.

பக்கத்து வீட்டு மீன்கார அக்கா வழியனுப்ப வந்தது நினைவிருக்கிறதா? கருவாட்டுப் பொட்டலமொன்றை உங்கள் மடியில் வைத்தாள். "நீங்களும் பிள்ளைகளோட வாங்க அக்கா, எங்கட வீட்டில இடமிருக்கு" என்று அழைத்தீர்கள். அவள் சிரித்தாள்.

"உங்களுக்கு ஓடக் கண்டி இருக்கு பிள்ளை. எங்களுக்குக் கடல்தான் இருக்கு."

ரயிலில் கண்டி வரும்வரை பொட்டலம் உங்கள் மடியிலேயே இருந்தது.

பீரங்கிக்குப் பயந்து ஓடிவந்த உங்களை, மகாவலிக் கரையில் நம் சொந்த வீட்டில் வைத்தே பிரசவக் காய்ச்சல் கொண்டுபோனது. மகளின் முகத்தை நீங்கள் சரியாகப் பார்த்தீர்களோ என்னவோ. வாசலில் காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் கண்ணைத் திறந்து, "அந்த அக்கா வந்தாவா?" என்றுதான் கேட்டீர்கள்.

சில வருடம் கழித்துத் திருகோணமலையில் மெய்யாகவே குண்டு விழுந்தது. செய்தி கேட்ட மச்சான் உங்கள் மகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக்கூட எழும்பாமல் இருந்தார். குண்டுப் பயம் அடங்கிய பிறகு போய்ப் பார்த்து வந்தார். தெரு இருந்தது; அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

உங்கள் மகளை நான்தான் வளர்த்தேன், ராத்தா. நன்றாகச் சிரிப்பாள். வானத்தில் இடி முழங்கினால் போதும், அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று தேடிப் போய்விடுகிறேன். என்னைக் கேலி செய்வாள்.

தொழுதுவிட்டுக் கையேந்தி, உங்களுக்கும் வாப்பாவுக்கும் மச்சானுக்கும் துஆ கேட்டு முடித்த பிறகும் கையை இறக்க மனம் வருவதில்லை. அந்த மீன்காரியை அக்கா என்றே அழைத்ததால் அவள் பெயர்கூட நமக்குத் தெரியாது. இருப்பவர்களுக்குக் கேட்கும் துஆ வேறு, போனவர்களுக்குக் கேட்பது வேறு. அவளுக்கு எதைக் கேட்பது என்று ஒவ்வொரு நாளும் தயங்கி, அவள் இருப்பதாகவே வைத்துக் கேட்கிறேன்.