முதலில் வந்த எண்

கட்டக்,
செவ்வாய்க்கிழமை.

என் செல்ல மகள் குனிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. கட்டக் சண்டி அம்மன் புண்ணியத்தில் எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, மனசைத்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. ராட்டர்டாமில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இந்தக் காலத்தில் என்ன காகிதக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும், வாட்ஸ்அப்பில் எழுதினால் வேறு யார் கண்ணில் படுமோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு இதிரேகா நாளை மறுநாள் உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உளுந்து வடி வடகமும் கொஞ்சம் கட்டியிருக்கிறேன், இந்த மழையில் சரியாகக் காயவில்லை, போனதும் வெயிலில் வை.

விஷயம் இதுதான். தசராப் பூஜைக் குழு அறிவிப்பை அச்சடிக்க உட்கார்ந்தார் உன் அப்பா, பிரிண்டர் அசையவில்லை. கம்பெனி பெயரைப் போட்டு உதவி எண் என்று இணையத்தில் தேடினார், முதலில் வந்த எண்ணுக்கு அடித்துவிட்டார். நான் கீரை ஆய்ந்துகொண்டு அங்கேதான் இருந்தேன். தில்லியிலிருந்து பேசுவதாக விக்ரம் என்று ஒருவன் எடுத்தான், தேன் மாதிரிப் பேச்சு. "சார், உங்க கம்ப்யூட்டர் முழுக்கத் திருட்டுப் பசங்க பூந்திருக்காங்க, நீங்க பதறாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். ஏதோ ஒன்றை இறக்கச் சொல்லி, அதில் வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான். அதற்குப் பிறகு திரையில் அம்பு தானாக நகர்ந்தது, கறுப்புத் திரையில் எழுத்தாக ஓடியது, நான் இதெல்லாம் வேண்டாமே என்று முகத்தைச் சுளித்தேன். வருஷப் பாதுகாப்பு என்று பணம் கட்டச் சொன்னான், கட்டினார். நம் கெட்ட நேரம், அன்றைக்கென்று பிரிண்டரும் ஓடிவிட்டது. காகிதம் சிக்கியிருந்ததை நான்தான் இழுத்தேன், ஆனால் உன் அப்பா, "பாத்தியா, தில்லியில உக்காந்துகிட்டே சரி பண்ணிட்டான், நீ என்னவோ மூஞ்சியத் தூக்கினியே" என்றார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அவன் எண்ணைக் கொடுத்தார், நல்ல பையன், கூப்பிட்ட குரலுக்கு வருவான் என்று சிபாரிசு வேறு.

அப்புறம் அவன் தினமும் கூப்பிட ஆரம்பித்தான். சாப்பிட்டீங்களா சார், முட்டி வலி எப்படி சார் என்று. உன் அப்பா போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். ஒருநாள், கம்பெனியை மூடுகிறார்கள், கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம், பேங்க் கணக்கைக் கம்ப்யூட்டரில் திறங்கள் என்றானாம். திறந்தார். உடனே அவன் அழ ஆரம்பித்துவிட்டான். தவறி ஒரு சைபர் கூடப் போட்டுவிட்டேன், நிறையப் பணம் வந்துவிட்டது பாருங்கள் என்றான். பார்த்தால் கணக்கில் பணம் ஏறித்தான் இருந்தது. "நீங்க திருப்பி அனுப்பலேன்னா என் வேலை போயிடும் சார், கைக்குழந்தை இருக்கு." உன் அப்பாவை உனக்குத் தெரியும், மீன்காரி சில்லறை கூடக் கொடுத்துவிட்டாள் என்று மழையில் நனைந்துகொண்டு திரும்பிப் போனவர். சட்டையை மாட்டிக்கொண்டு பேங்குக்குக் கிளம்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பேங்க் கவுண்டரில் நந்தா அம்மாள் இருந்தாள். இவ்வளவு பணம் யாருக்கு ஐயா என்று கேட்டாள். உன் அப்பா கண்ணிமைக்காமல், "என் தங்கச்சி பையனுக்கு, வீடு வாங்கறான்" என்றார். குனி, கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் வாயில் ஒரு பொய் கேட்டதில்லை. பேங்கில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான். நான் அத்தனை பேர் முன்னாலும், இவருக்குத் தங்கையே கிடையாதம்மா என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நந்தா அம்மாள் கோபப்படாமல் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "வெளியிலேர்ந்து ஒரு காசு வரலை ஐயா. உங்க வைப்புநிதியத்தான் உடைச்சு இதுல போட்டிருக்காங்க. உங்க பணத்தையே உங்ககிட்ட காட்டி அனுப்பச் சொல்றான்." அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. நான் எடுக்காதீங்க என்றேன், எடுத்தார். அவன் மறுபடி வேலை, குழந்தை என்று ஆரம்பித்திருக்க வேண்டும். உன் அப்பா மெதுவாக, "அந்த வேலை போகட்டும், தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைப்புநிதி தப்பியது, வருஷப் பாதுகாப்பு என்று கட்டியது போனதுதான். இணைய மோசடிக்கான 1930 எண்ணில் புகார் சொல்லியாயிற்று, லேப்டாப்பைக் கடையில் கொடுத்து முழுக்கத் துடைத்து வாங்கியாயிற்று, கடவுச்சொல் எல்லாம் மாற்றியாயிற்று. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பெட்டிக்குள் உன் படம், உன் எண் எல்லாவற்றையும் பார்த்திருப்பான். அப்பாவுக்கு ஆபத்து, அவசரம், பணம் அனுப்பு என்று யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு எனக்கு அடி, நான் எடுக்காவிட்டால் இதிரேகாவின் அம்மாவுக்கு அடி. உனக்கும் ஏதாவது பழுதானால், தேடியதும் மேலே வருகிற எண்ணை நம்பாதே, காசு கொடுத்தால் யாரும் மேலே வரலாமாம். கம்பெனியின் சரியான எண் பொருள் வந்த பெட்டியிலோ பில்லிலோ இருக்கும், அதைப் பார். திரையை யாருக்கும் திறந்துவிடாதே.

உன் அப்பா இரண்டு வேளை சாப்பிடவில்லை. என்னோடு பேசவும் இல்லை. என்ன செய்துகொள்வாரோ என்று குளியலறைக்குப் போனால்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நேற்று பூஜைக் குழுக் கூட்டம், போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். போனார். நானும் கூடப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். பந்தல் பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று, "நான் உங்களுக்குக் கொடுத்த எண் திருடனோட எண். அழிச்சிடுங்க. நான் ஏமாந்தேன், உங்களயும் ஏமாற வெச்சிருப்பேன்" என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், அந்தப் பொய்யையும் சேர்த்து. சிரிப்பார்களோ என்று பயந்தேன், யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் போனபிறகு நம் தெரு டாக்டர் கைலாஷ் பாபு மட்டும் நின்று, "நானும் நாளைக்குக் காலையில அவனுக்குப் பணம் அனுப்பறதா இருந்தேன்யா, என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது" என்று உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சோறு கேட்டுச் சாப்பிட்டார். கை கழுவும்போது, ஊருக்கே சொல்லிட்டேன், குனிக்கு மட்டும் சொல்லாதே என்றார். அதனால்தான் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன், படித்ததும் கிழித்துப் போடு. படித்த மனிதர் இப்படியா என்று எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே. என்றைக்காவது அவரே சொல்லுவார், அன்றைக்கு முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வடியை வெயிலில் வைக்க மறக்காதே.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா, சுலோசனா.