கோலில் நிற்கும் ருமியானா

அன்பு மருமகன் யாவோருக்கு, ரூசேயிலிருந்து மாமன் லூபென் எழுதுவது. இங்கே நானும் அத்தை தெமெனுகாவும் தன்யூப் ஆறும் சுகம், மூவருக்கும் கொஞ்சம் வயிறு பெருத்திருக்கிறது, அவ்வளவுதான். கனடாக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய்.

டிவியில் மாட்டிய விளையாட்டுப் பெட்டி விளையாடத்தான், படம் பார்க்கத் தனிப்பெட்டி அனுப்புகிறேன், பழசைத் தூக்கிப் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். அடேய், நீ விட்டுப்போன பன்னிரண்டு வருஷத்தில் அதை நான் எப்படிப் பழக்கியிருக்கிறேன் தெரியுமா, படம், பாட்டு, நான் பிடித்த மீன்களின் வீடியோ, எல்லாம் அதில்தான், எட்டு மாடிக்காரர்களும் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். ஒரே குறை, ஆட்டத்தை இயக்கும் கைப்பிடியின்மேல் அத்தை உட்கார்ந்தால் படம் கல்யாண வீட்டிலிருந்து நேரே சாவு வீட்டுக்குத் தாவிவிடும்.

குருத்தோலை ஞாயிறு பூப்பெயர்க்காரர்களின் நாள் அல்லவா, ஊதாப்பூவின் பெயரைக் கொண்ட அத்தையின் பெயர்நாளுக்கு அழைக்காமலே நாற்பது பேர் வந்துவிட்டார்கள் (அத்தை பதினொன்று என்பாள், நம்பாதே). மீன் வறுத்து, ரக்கியாச் சாராயம் ஊற்றி, என் புதுக் கெளுத்தி வீடியோவைப் போடப் போனால் இடமில்லை என்கிறது பெட்டி. கீழ்வீட்டு மின்சாரக்காரன் பிளாமென், "லூபென் அண்ணே, அந்தப் பழைய பந்தாட்டத்த அழிச்சு விடு, இனி எவன் ஆடப்போறான்" என்றான். நானும் பொத்தானில் விரலை வைத்துவிட்டேன். அத்தைதான், "புள்ளையோடதுங்க, ஒரு தடவ தெறந்து பாத்துட்டு அழிங்க" என்றாள்.

திறந்தேன். நீ சேர்த்த அணி. கோல்காப்பாளர் பெயர் ருமியானா. என் அக்கா, உன் அம்மா. ஆலையிலிருந்து வந்த கால்சட்டையோடு உன் பக்கத்தில் உட்கார்ந்து, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, "விடாதடா, நான் பாத்துக்கறேன்" என்று கத்துவாளே, அது அப்படியே காதில் விழுந்தது. அவள் போனபின் நீ அந்த ஆட்டத்தைத் தொடவில்லை, மறுவருஷம் விமானம் ஏறிவிட்டாய். "அண்ணி இன்னும் கோல்லயா நிக்கிறாங்க" என்று அத்தை அழுதாள். பத்தொன்பது ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லையாம், இது நான் சொன்னதல்ல, பெட்டி சொன்னது. அத்தையின் பெயர் தடுப்பாட்டத்தில் இருந்தது. என் பெயரைத் தேடினேன், கிடைத்தது, மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில். பிளாமென் விழுந்து விழுந்து சிரித்தான், "ஊருக்கே பந்து உதைக்கக் கத்துக்குடுத்தேன்னு சொன்னியே, பெஞ்சுலதான் உக்காந்து குடுத்தியா."

அழிக்கவில்லை. என் மீன் வீடியோ நாற்பத்து மூன்றையும் அழித்தேன், புதுக் கெளுத்தி உட்பட. இனி அதன் நீளத்துக்கு என் வாய்தான் சாட்சி, அதுவும் நல்லதற்கே. ஆக, ஒரே பெட்டியில் எல்லாம் இருக்கட்டும், படமும் ஆட்டமும் உன் அம்மாவும்.

தனிப்பெட்டி வேண்டாம், அந்தக் காசில் டிக்கெட் எடு. எனக்கு அந்த ஆட்டம் ஆடத் தெரியாது, யாரிடமும் சொல்லாதே. காதுக்குத் தொப்பி போடு, சாப்பாட்டை நிறுத்தி வேலை பார்க்காதே. கடவுள் உன்னை எங்கும் கைவிடாமல் காக்கட்டும், அத்தை நெற்றியில் முத்தம் அனுப்புகிறாள். கைப்பிடிக்குப் புது மின்கலம் போட்டு வைத்திருக்கிறேன், வந்து என்னைக் களத்தில் இறக்கு.

பெஞ்சில் காத்திருக்கும்
உன் தாய்மாமன் லூபென்