இருபத்தைந்து நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

சிமுலேஷன் இன்று முழுதாக ஓடி முடிந்தது. ஓட்டுநர் இல்லாத வண்டி அறுநூறு இருந்தால் போதும், அதைப் பகிர்ந்துகொண்டே ஊர் முழுக்கப் போய்வரலாம் என்கிறது கணினி. டீம் லீடர் கார்த்திக்ராஜ் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். "அக்கா, இந்த நம்பரப் பாத்தா அந்த ஊர்க்காரவிங்ய நாளைக்கே வண்டிய எறக்கிருவாங்ய!"

நானும் சிரித்தேன். அந்த ஊர், என் வீட்டுக்காரர் பதினோரு வருடமாக டாக்ஸி ஓட்டும் வளைகுடா ஊர்தான் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. நான் எந்த ஊருக்குக் கணக்குப் போடுகிறேன் என்று அவருக்கும் தெரியாது.

மார்ச் 5, புதன்

வண்டிகள் இறங்கினால் ஜூனில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். வந்துவிடுவார். மகள் கயல் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம், அதுவரை இருந்துவிடுகிறேன் என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் என்ன கெட்டதா நினைக்கிறேன்? வாசலில் அவர் செருப்பு கிடக்க வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

மதியம் அழைத்தார். பழனிசெட்டிபட்டி அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். காலையில் காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ்ஸுக்கு அரைமணி நேரம் நின்றதைச் சொன்னதும் சிரித்தார்.

"நீ நிப்ப புள்ள. இங்கன ஏழு நிமிசம் தாண்டுனா ஒருத்தன் நிக்க மாட்டான். கேன்சல் பண்ணிட்டு வேற வண்டியில ஏறிருவான்."

"ஏழு நிமிசமா?"

"அதுவே சாஸ்தி. நேத்து நாலு நிமிசம் லேட்டு, ஒரு அம்மா என்னா வசவு வையிதுங்குற!"

பயணி எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று சிமுலேஷனில் போட்டவள் நான். இருபத்தைந்து நிமிடம். யாரையும் கேட்கவில்லை. எனக்கு அது ஒரு நேரமாகவே தோன்றவில்லை.

மார்ச் 8, சனி

ஏழு போட்டு ஓட்டினேன். ஆயிரத்து நூறு வண்டி வேண்டும். இதைப் பார்த்தால் திட்டத்தையே தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

யாருக்கும் தெரியாது. ஜூனில் வந்துவிடுவார். பதினோரு வருசம் ஈஸ்வரி, போதாதா ஒனக்கு?

ஆனால் அந்த ஊரில், ஆஸ்பத்திரி வாசலில், இல்லாத வண்டிக்காக நிற்கப்போகிறவர்கள்? வேலை போய் வந்து, போனையே பார்த்துக்கொண்டு உட்காரப்போகிற இவர்? அந்த முகத்தோடா எனக்கு இவர் வேண்டும்?

வேண்டும்தான். அப்படியாவது வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

கார்த்திக்ராஜிடம் சொல்லிவிட்டேன். தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஏங்க்கா, இருவத்தஞ்சு நிமிசம் எவன்க்கா நிப்பான்?"

"எங்க ஊர்ல நிப்போம் தம்பி."

திருத்திய அறிக்கை நான்கு மணிக்குப் போய்விட்டது.

மார்ச் 21, வெள்ளி

திட்டத்தை இரண்டு வருடம் தள்ளிவைத்துவிட்டார்களாம். அவர் அழைத்தபோது வேலை இருக்கிறது என்று சீக்கிரமே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அழைத்தார்.

"ஈஸ்வரி, ரினீவல் போட்டுட்டாக! ரெண்டு வருசம்! டிரைவரில்லா வண்டியெல்லாம் இப்ப வராதாம். எவனோ கணக்கத் தப்பாப் போட்டுட்டு, அவனே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டானாம். அவன் நல்லாருக்கணும்."

"சந்தோசம்ங்க."

"என்ன புள்ள, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"பஸ்ஸு வந்துருச்சுங்க, வைக்கிறேன்."

பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நின்றேன்.