கடைசி ரீல் வரை இருந்தேன், அத்தான்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் எஸ்தர் எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. அதை இனி உங்களிடம் எப்படிக் கேட்பது? இங்கே நானும் உங்கள் தங்கை பாக்கியமும் சுகம். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலேயேதான் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் எனக்கு மூன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வேலை பார்த்த மில் வாசலில் இப்போது மூவர்ணக் கொடி பறக்கிறது. அந்த விஷக்காய்ச்சல் உங்களை இன்னும் ஒரு வருஷம் விட்டுவைத்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒன்று சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? நாங்கள் சினிமாவை விடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரயிலேறி ராஜபாளையத்துக்குப் பகல் காட்சி பார்க்கப் போகிறோம், உங்களோடு போனது போலவே. புருஷனைப் பறிகொடுத்தவள் பேய்ப் படத்துக்கும் கொலைப் படத்துக்கும் அலைகிறாளே என்று சபையில் பேச்சு. போதகர் வீட்டம்மா நேரிலேயே கேட்டுவிட்டார். சிரித்து மழுப்பினேன்.

காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறதல்லவா? ஆறு வருஷத்தில் ஒரு படத்தைக்கூட நாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். விளக்கை அணைத்துவிட்டால் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

பீடிப் புகை சுவரைத் தாண்டி மிதந்து வந்து, படம் விழும் வெளிச்சத்தில் நீலமாகச் சுருள்கிறது. அதில் ஒரு சுருள் உங்களுடையது என்று நினைத்துக்கொள்வேன். ரீல் மாற்ற விளக்குப் போட்டாலும் கவலையில்லை. அந்த நேரம் நீங்கள் எப்போதும் கலர் சோடா குடிக்க வெளியே போய்விடுவீர்கள். வீட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காத நீங்கள், அங்கே இரண்டரை மணி நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள்.

படம் முடிந்தால்தான் சிக்கல். வாசலில் புங்கமரத்தடியில் நீங்கள் எனக்காக நிற்க வேண்டுமே! அதனால் கடைசி ரீல் தொடங்கியதுமே பாக்கியத்தை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிவிடுவேன். இந்தப் பத்து மாதத்தில் ஒரு கொலைகாரனைக்கூட நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

அபிப்பிராயம் சொல்ல முடிவு தெரிந்திருக்க வேண்டுமா என்ன? பங்களாப் பேய்ப் படம் ஒன்று பார்த்தோம். வெள்ளைச் சேலை, விரித்த தலை, கையில் விளக்கு. பேய்க்கு எதற்கு விளக்கு? காலில் கொலுசு வேறு. பேய் வந்தபோது எனக்குப் பயமே இல்லை. அதற்கு முன்பு, ஆளில்லாத ஊஞ்சல் தானாக ஆடி, மெல்ல மெல்ல நின்றதே, அப்போதுதான் உடம்பு சிலிர்த்தது. பேயைக் கண்டதும் அதன் புருஷன் அலறியடித்துக்கொண்டு ஓடுகிறான். எனக்கு வந்த ஆத்திரம்! வா, உட்கார் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது துப்பறியும் படம். துப்பறிகிறவர் தாடி ஒட்டிக்கொண்டு வருகிறார். தரை டிக்கெட்டில் இருந்த கைக்குழந்தைக்குக்கூட அவரை அடையாளம் தெரிகிறது, வில்லனுக்கு மட்டும் தெரியவில்லை. பிணத்தின் பக்கத்தில் நின்றே கதாநாயகி இரண்டு பாட்டுப் பாடி முடித்தாள். சாவித் துவாரத்தில் ஒரு கண் தெரிந்ததே, அந்த ஓர் இடம் மட்டும் அருமை. "பாட்டைக் கேட்டுத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்று நீங்கள் ஸ்டேஷன் வரை கிண்டல் செய்துகொண்டே வந்திருப்பீர்கள்.

போன ஞாயிறு பார்த்தது ஜமீன் வீட்டுக் கொலை. பாலில் விஷம். கலந்தது இளைய தாரமா, டாக்டரா, தம்பியா? நகத்தைக் கடிக்க வைத்துவிட்டார்கள். கடைசி ரீல் தொடங்கியதும் வழக்கம்போல் பாக்கியத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

"நீங்க வேணா போங்க மதினி. இம்புட்டு நேரம் உக்காந்துட்டு, கொன்னது யாருன்னு தெரியாம நா வர மாட்டேன்."

"ரயிலு போயிரும், பாக்கியம்."

"ரயிலு அஞ்சு மணிக்கு மேலதான?" என்றவள், என் காதருகே குனிந்தாள். "எனக்குத் தெரியும் மதினி. அண்ணன் வெளிய நிக்காது. இருங்க. ரெண்டு பேருமாப் போயிப் பாத்துருவோம்."

இவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? ஒவ்வொரு வாரமும் தெரிந்துகொண்டேதான் என்னோடு எழுந்து ஓடிவந்தாளா? உட்கார்ந்துவிட்டேன்.

கொலைகாரன் யார் தெரியுமா? அதுவரை படத்தில் தலையே காட்டாத ஒரு சமையல்காரன்! கடைசி ரீலில் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன்தான் என்கிறார்கள். இதைவிட மோசடி உண்டா? உடனே உங்களிடம் சொல்லித் திட்ட வேண்டும் என்ற அவசரத்தில் வெளியே வந்தேன். அந்த வேகத்திலேயே கால் என்னை மரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டது.

வெயிலில் கண் கூசியது. ஆண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிறகு இரண்டு மூன்று பேராக வந்தார்கள். பிறகு ஒரு கிழவர் மட்டும் துண்டை உதறிக்கொண்டு வந்தார். டிக்கெட் கிழிக்கிறவர் கதவை இழுத்துச் சாத்தினார்.

"யாருக்காகம்மா நிக்கிய?"

"உள்ள இன்னும் ஆள் இருக்கா, ஐயா?"

"ஒருத்தருமில்ல தாயி. எல்லாரும் போயாச்சு."

உங்கள் அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. பாக்கியம் என்னை அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். அந்த மனிதர் பாவம், பதறிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "படந்தானம்மா, நெசமாவா செத்துட்டாக? இதுக்குப் போயி இப்படி அழுகலாமா?" என்று தேற்றினார். நாங்கள் தலையாட்டினோம்.

அடுத்த ஞாயிறும் போவோம். கடைசிவரை இருந்து பார்ப்பேன். படம் முடிந்ததும் மரத்தடியில் நிற்காமல், பாக்கியத்தோடு நேரே ஸ்டேஷனுக்கு நடப்பேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. நீங்களும் இனி எனக்காகக் காத்து நிற்க வேண்டாம், அத்தான்.

உங்களுக்குக் கழுத்தை நீட்டிய மாமன் மகள்,
எஸ்தர்