பின்னணியில் மூத்தாரின் கால்சட்டை

டிசம்பர் 6

வேலியோரத்து சிச்சிர்கனக் முட்புதருக்கு வெள்ளைத் தொப்பிக்காரர் வந்துவிட்டார். மலையில் பனி இறுகினால் இறங்கி வருகிற குருவி. கறுப்பு உடம்பு, செங்கல் நிற வயிறு, தலையில் வெள்ளைத் தொப்பி. ஆரஞ்சு நிறச் சிறுபழங்களுக்கு நடுவே உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்தார். படம் எடுத்தேன். உள்ளே வந்து பெரிதாக்கிப் பார்த்தால், குருவிக்குப் பின்னால் இரண்டு நீலக் கால்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் உறைந்து தொங்கும் கால்சட்டை. குருவியே அதைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது.

அது என் மூத்தாருடையது. கணவரின் அண்ணன் பெயரைச் சொல்லவே எங்களில் மருமகளுக்கு வாய் வராது. நான் அவர் கால்சட்டையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 8

இடப்பக்கம் நகர்ந்தால் கக்கூஸ். வலப்பக்கம் டிவி டிஷ். பனியில் குப்புறப் படுத்து எடுத்தால் பின்னால் வெளுத்த வானம், குருவி கரித்துண்டு. பின்னணி மங்கட்டும் என்று லென்ஸ் துளையை முழுசாகத் திறந்தும் பார்த்தாயிற்று. கொடி புதரை ஒட்டியே இருப்பதால் கால்சட்டை கரைய மாட்டேன் என்கிறது. தூரத்து மலைச்சரிவு பின்னணியாக விழுவது ஒரே ஒரு சந்தில்தான். அந்தச் சந்தில்தான் கொடி.

நான் இப்படிக் கிடப்பதை யாராவது பார்த்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று கெங்கெஷ் ஜன்னலிலிருந்து சொன்னார். கட்டிய மனைவி மேல் இவ்வளவு அக்கறை.

டிசம்பர் 9

கொடியை மாற்றச் சொல்லி சைக்காலிடம் கேட்டால் என்ன? கேட்கலாம். ஓரகத்தியோடு பேச்சுவார்த்தை இருந்தால் கேட்கலாம்.

செப்டம்பரில் அவள் மகள் மீரிம் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். மணப்பெண்ணின் இமைமயிரை எண்ணலாம், அத்தனை தெளிவு. பின்னால் மஞ்சள் உடையில் நின்ற பெற்றவள் மட்டும் எல்லாப் படத்திலும் வெறும் மஞ்சள் புகை. "பெத்தவளைப் பின்னணி ஆக்கிட்டா" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். லென்ஸ் அப்படித்தான் வேலை செய்யும், நான் என்ன செய்ய? இந்த வருஷம் குளிர்கால இறைச்சிக்கான குதிரையைக்கூட இரண்டு வீடும் தனித்தனியே அறுத்தோம். அண்ணனும் தம்பியும் இரண்டு வீட்டிலும் தின்று கொழுத்ததுதான் மிச்சம்.

டிசம்பர் 13

கெங்கெஷைத் தூது அனுப்பினேன். டீ குடித்துவிட்டு, கேட்க மறந்து திரும்பி வந்தார். மறுபடி அனுப்பினேன். பதில் வந்தது.

"மங்கலாக்கிக்கச் சொல்லு. அதுதான் அவளுக்கு நல்லா வருமே."

சொல்லிவிட்டு இவரும் சிரிக்கிறார்.

டிசம்பர் 14

கொடியில் இன்று ஒரு கம்பளமும் சேர்ந்திருக்கிறது. சிவப்பு.

டிசம்பர் 20

பூங்குருவிக் கூட்டம் வந்து பாதிப் புதரை மொட்டையடித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் வெறும் முள்தான். நாளைக்கு சைக்கால் காராகோல் சந்தைக்குப் போவாள். நான் திருடவா போகிறேன்? எடுத்து ஓரமாக வைப்பேன், படம் எடுப்பேன், திரும்ப மாட்டிவிடுவேன். அவ்வளவுதான்.

டிசம்பர் 21

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கம்பளம் சுலபமாக வந்தது. கால்சட்டைதான் பலகைபோல உறைந்திருந்தது, மடங்கவில்லை. கட்டிப்பிடித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. திரும்பினால் வாசலில் சைக்கால். மறந்துபோன பர்ஸை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"என் புருஷனை எங்கடி தூக்கிட்டுப் போற?"

"அவருக்குக் குளிருது அக்கா... உள்ள விடலாம்னு..."

ஏன் அப்படிச் சொன்னேன்? கடவுளே, ஏன்?

அவள் பையைக் கீழே வைத்தாள். கதவுக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிற்க முடியாமல் பனியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அது எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

"பொண்ணை அனுப்பி வெச்ச அன்னிக்கு நான் எப்படி இருந்தேன்னு பாக்க ஆசைப்பட்டேன் புர்மெத். அழகா இருக்கேனான்னு இல்ல. எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லடி."

நான் இத்தனை நாளும் அதை மினுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, அன்று கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். விருந்து விரிப்பில் ரொட்டிகளை அடுக்கினாள், கலைத்து மறுபடி அடுக்கினாள். மீரிமை ஏற்றிய கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் சுத்தமான தட்டு ஒன்றை தலைத்துணி நுனியால் துடைக்கத் தொடங்கினாள். கார் போய் வெகுநேரம் ஆகியும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாத்தியா நீ?"

"பாத்தேன் அக்கா."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கால்சட்டை இன்னும் என் மடியில்தான் கிடந்தது.

ஜனவரி 4

கொடி வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டது. சாயங்காலம் சைக்காலின் அடுக்களையில் இருந்தேன். ஜன்னலைக் காட்டி, "உன் ஆளு வந்திருக்கார் பாரு" என்றாள். மிச்சமிருந்த பழக்கொத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் மலைச்சரிவு மட்டும், வெயில் பட்டுப் பழுப்பாக. கேமரா என் வீட்டில். ஓடிப்போய் எடுத்துவா என்று விரட்டினாள்.

அப்போதுதான் பால் டீ ஊற்றியிருந்தாள். மீரிம் போனில் சொன்ன கதையும் பாதியில் நின்றது.

"அவர் இருக்கட்டும் அக்கா. நீங்க சொல்லுங்க. மாமியார்காரி அதுக்கு என்ன சொன்னாளாம்?"