கொல்லையில் கிடந்த மானும் நாற்பத்தொரு புத்தகங்களும்

ஜூன் 28, வீட்டிலிருந்து

அன்புள்ள மேரன்,

நீ நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன், அலாஸ்கா கரடிகள் எதுவும் இதற்கு மாறாக எனக்குத் தகவல் அனுப்பவில்லை. இங்கே அப்பா, நான், ஒடெட், சைலஸ் நான்கு பேரும் நலம். கொல்லைக் கோடியில் ஒரு மான் மட்டும் நலமில்லாமல் கிடந்தது, அதாவது செத்துக் கிடந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். ஸ்ட்ராபெரி இந்த வருஷம் அமோகம், பழத்தை மாவில் அடைத்துச் சுடுகிற 'பை' பலகாரம் செய்து செய்து என் கை முழங்கை வரை சிவந்து கிடக்கிறது, பார்க்கிறவர்கள் கொலை ஏதாவது செய்துவிட்டு வந்தாயா என்கிறார்கள். அப்பாவின் பால் லாரிக்குப் புது டயர் போட்டாயிற்று. சைலஸுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அதற்காக வாய் ஓயவில்லை, ஏழு வயதில் ஓய்வுபெற்ற நீதிபதி மாதிரி எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்கிறான்.

மானுக்குப் பின்னால் ஓடி ஒளிவதற்கு முன்பு ஒன்றை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்கம்போல வேடிக்கையாக எழுதியே பக்கத்தை நிரப்பி உறையை ஒட்டிவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது பாத்திரம் துடைத்துக்கொண்டே நீ, சித்தியை வழக்கம்போலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கோரின், ஒடெட்டுக்குப் படிக்க வரல. பத்து வயசாச்சு. நீ கவனிச்சியா இல்லியா?" என்று கேட்டாய். நான் எரிந்து விழுந்தேன். "உனக்கும் நான்தான் வீட்ல சொல்லிக்கொடுத்தேன், நீ என்ன தற்குறியாவா போயிட்ட?" என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். நீ துணியை நான்காக மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நாம் இருவரும் வானிலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆறு மாதமாகப் பென்சில்வேனியாவின் மேகங்களை நான் உனக்கு விவரித்து வருகிறேன். நீ சொன்னது சரி மேரன். எனக்கு அப்போதே அது தெரியும் என்பது இன்னும் கேவலம்.

எப்படி இவ்வளவு நாள் ஓடியது என்று கேட்பாய். புதன்கிழமைப் படங்கள்தான் காரணம். நீ போன பிறகு நூலகத்திலிருந்து ஆவணப்படங்களை எடுத்து வந்து புதனன்று மதியம் சேர்ந்து பார்ப்பது எங்களுக்குப் பாடத்திட்டமாகவே ஆகிவிட்டது. பார்த்ததைச் செய்து காட்ட வேண்டும் என்பது சட்டம், அந்தச் சட்டத்தை இயற்றிய மடச்சி நான். எரிமலைப் படம் பார்த்த வாரம் அடுப்பு போயிற்று. தேனீப் படம் பார்த்த வாரம் என் நல்ல தலையணை உறை போயிற்று, அப்பாவின் காது வீங்கிற்று. ஏப்ரலில் ஆற்று மீன்களைப் பற்றி ஒன்று பார்த்துவிட்டு அணையில் மீன் ஏறுகிற படிகளைக் காட்டக் கூட்டிப்போனேன். அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த இளைஞனிடம் சைலஸ், "நீங்க சும்மா சொல்றீங்க. எங்கக்கா அலாஸ்காவுல மீன ஒண்ணொண்ணா எண்றா. நீங்க எத்தன எண்ணினீங்க?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தான். ஒடெட்தான் அங்கிருந்த அறிவிப்புப் பலகைகளைத் தம்பிக்குப் படித்துக் காட்டினாள். பலகையில் இல்லாததையெல்லாம் படித்தாள். நான் இரண்டடி பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அவளுக்குப் படத்தில் ஒருமுறை கேட்டது அப்படியே மனதில் நின்றுவிடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வேண்டாத சந்தேகம் வராமல் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு மாநிலச் சட்டப்படி வருஷா வருஷம் படித்த புத்தகங்களின் பட்டியலை எழுதி வைக்க வேண்டுமே, அதில் ஒடெட் பெயரில் நாற்பத்தொரு புத்தகம் எழுதினேன். அவற்றில் இருபத்தேழு அவள் படமாகப் பார்த்தவை, அதே விஷயத்தில் நூலகத்தில் என்ன புத்தகம் இருக்கிறதோ அதன் பெயரைத் தேடி எழுதினேன். மீதி நான் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டியவை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்று மூன்று பெட்டி புத்தகத்தோடு வந்து இறங்கியவள் நான், அப்படிப்பட்டவளின் பெண் படிக்கமாட்டாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன வருஷம் வரை பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகளை மதிப்பிட வந்தவள் என் சிநேகிதி, இரண்டு துண்டு பை தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அவள் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டாள். இந்த வருஷம் வந்தவர் திருமதி ப்ரூபேக்கர், முப்பத்தொரு வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவர். அவர் பை சாப்பிடுவதில்லை, சர்க்கரையாம்.

இப்போது மான். ஜூன் ஏழாம் தேதி காலையில் நம் வாசலுக்கு நேரே ரோட்டில் யாரோ ஒரு மானை இடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வாரம்தான் பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றிய படம் பார்த்திருந்தோம். இரண்டு பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். முறைப்படி யாரிடமாவது அனுமதி கேட்டேனா என்று நீ கேட்காதே, நானும் சொல்லப்போவதில்லை. பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி மூன்று பேருமாக இழுத்துக் கொல்லைக் கோடியில் போட்டோம். அப்பா வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் திமிங்கலப் படமா? இப்பவே சொல்லிடு, லாரிய வேற எடத்துல நிறுத்திக்கிறேன்" என்றார். மறுநாள் பதினொரு கழுகுகள் வந்தன. ஒடெட் ஜன்னலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வரைந்தாள், எது முதலில் தின்கிறது, எது காத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டாள், குறித்தது முழுக்கப் படங்களாகவும் கோடுகளாகவும். மூன்றே நாளில் எலும்பாக்கிவிட்டுப் போய்விடும் என்று படத்தில் சொன்னார்கள். இந்தப் பதினொன்றும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மானைத் தின்று முடித்துவிட்டுக் கொட்டகைக் கூரையில் ஏறி, இனி என்ன பரிமாறுவீர்கள் என்று உட்கார்ந்திருந்தன.

ஐந்தாம் நாள் திருமதி ப்ரூபேக்கர் வந்தார். காரைக் கொட்டகை ஓரமாக நிழலில் நிறுத்தினார். சமையலறை மேசையில் பட்டியலை விரித்து ஒவ்வொரு பெயராகப் பேனா முனையால் தட்டிக்கொண்டே வந்து கழுகுப் புத்தகத்தில் நின்றார். "இத பத்தி சொல்லு கண்ணு" என்றார். ஒடெட் இருபது நிமிஷம் பேசினாள். கழுகின் வயிற்று அமிலம், மொட்டைத் தலை எதற்கு, மோப்பம் எவ்வளவு தூரம் எட்டும், எல்லாம். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருக்கும் பிடித்துப்போனது தெரிந்தது. "பிரமாதம். எங்க, இந்த ஒரு பக்கத்த எனக்குப் படிச்சுக் காமி" என்று பையிலிருந்து அந்தப் புத்தகத்தையே எடுத்துத் திறந்து வைத்தார். நான் முன்பே அனுப்பியிருந்த பட்டியலைப் பார்த்து அவராகவே தேடி வாங்கி வந்திருக்கிறார், பாதகி. ஒடெட் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் படத்தில் பின்னணி பேசுகிறவரின் கட்டைக் குரலில் தங்குதடையில்லாமல் ஆரம்பித்தாள். சரியான இடத்தில் மூச்சு விட்டாள், நடுவில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டினாள். அவள் முடிக்கும் வரை அந்த அம்மாள் குறுக்கிடவில்லை. அப்புறம், "நீ சொன்னது ரொம்ப அழகா இருந்துச்சு கண்ணு. ஆனா இந்தப் பக்கத்துல அது இல்லியே" என்றார். பழம் தின்றுகொண்டிருந்த சைலஸ், "அது படத்துல நாப்பதாவது நிமிஷம் வரும். நானும் சொல்லுவேன், ஆனா எனக்குப் பல்லு இல்ல" என்றான்.

அப்போதுதான் வெளியே ஏதோ பலமாகக் கிழிபடுகிற சத்தம் கேட்டது. கறுப்புக் கழுகுகளுக்கு ரப்பர் என்றால் உயிர், இது அந்தப் படத்திலேயே வருகிறது, நான்தான் அந்த இடத்தில் எழுந்து காபி போடப் போயிருந்தேன். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் காரில் இரண்டு வைப்பர்களும் இல்லை, மேல்கூரைக் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை ஒன்று காலால் மிதித்துக்கொண்டு நூடுல்ஸ் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. சைலஸ் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு பாய்ந்தான். "தட்டாதடா, பயந்தா வாந்தி எடுக்கும்!" என்று ஒடெட் கத்தினாள். எடுத்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கைப்பிடி மேலேயே எடுத்தது. நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். திருமதி ப்ரூபேக்கர் என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "காருக்கு இன்சூரன்ஸ் இருக்கும்மா. இந்த லிஸ்டுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். "அவ புத்திசாலி. அத வெச்சுத்தான் இத்தன நாளு மறைச்சிருக்கா. நீயும் கூட நின்னு மறைச்சிருக்க. அவளுக்கு ஏன் படிக்க வரலேன்னு டெஸ்ட் எடுத்துட்டு வா, அப்புறம் கையெழுத்துப் போடுறேன். மாச முடிவுக்குள்ள லிஸ்ட் போகலேன்னா பள்ளிக்கூட ஆபீஸுக்கு நீயே பதில் சொல்லிக்க" என்றார். மறுபடி வெளியே போய்க் கைக்குட்டையால் கைப்பிடியைத் துடைத்துவிட்டு, வைப்பர் இல்லாத காரை வெயிலில் ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் ஒடெட்டிடம், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "நான் படிச்சேன்னு எப்பவாவது சொன்னேனா? நீதான் எழுதின. நீ எழுதினா அது வேணும்போலனு நெனச்சேன்" என்றாள். அவள் கோபப்படவில்லை, தகவல் சொன்னாள். பதினெட்டாம் தேதி பரிசோதனை நடந்தது. மூன்று மணி நேரம். எழுத்தையும் ஒலியையும் அவள் மூளை வேறு விதமாகக் கோக்கிறதாம், புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம், சொல்லிக்கொடுக்கிற முறையே வேறாம், முன்பே ஆரம்பித்திருக்கலாமாம். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பரிசோதனை செய்த பெண் மிக மென்மையாகத்தான் சொன்னாள், நான் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது அப்பா ஐந்து மைல் ஓட்டிவிட்டு, "எனக்கும் அப்படித்தான்" என்றார். எது அப்படி என்றேன். "எழுத்து. நிக்காது. அதான் ரூட்டையெல்லாம் மனப்பாடமா வெச்சிருக்கேன்" என்றார். பதினோரு வருஷமாகக் காலை நேரத்தில் நான் அவருக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுகிறேன், அதை நான் காதல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர், "அதுவுந்தான்" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒடெட் ரொம்ப நேரம் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். இனி செவ்வாயும் வியாழனும் வகுப்பு. அந்தப் பட்டியலில் இருபத்தேழு பெயர்களை நானே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "பார்த்தது" என்று எழுதிக் கொடுத்தேன். திருமதி ப்ரூபேக்கர் நேற்று முன்தினம் கையெழுத்துப் போட்டுவிட்டார், காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். செப்டம்பரில் பள்ளிக்கூடமா வீடா என்பதை ஒடெட்டே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறோம்.

இனி உனக்கு மட்டும் ஒரு விஷயம். மே மாதம் ஒரே ஒருமுறை வானிலையை விட்டுவிட்டு நீ என்னிடம், ஒடெட் போனில் மணிக்கணக்காகப் பேசினாள், என் கடிதம் ஒன்றுக்குக்கூடப் பதில் போடவில்லையே, என் மேல் என்ன கோபம் என்று கேட்டிருந்தாய். வளர்கிற வயது என்று நான் பதில் எழுதினேன், அதுவும் ஒரு புளுகுதான், எனக்கே தெரியாமல் சொன்ன புளுகு. அடுத்தவருக்கு வந்த கடிதத்தை இந்த வீட்டில் யாரும் தொடுவதில்லை என்பது என் சட்டம், அதனால் நான் பார்க்கவேயில்லை. பரிசோதனை முடிந்த மறுநாள் அவள் உன் ஒன்பது கடிதங்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எல்லாவற்றையும் பிரித்திருந்தாள், நீ ஓரத்தில் வரைந்த மீன்களுக்கெல்லாம் வண்ணம் தீட்டியிருந்தாள். நான் படிக்கட்டுமா என்று கை நீட்டினேன். "வேணாம். எனக்கு வந்தது" என்றாள். முதல் கடிதத்தைத் தானே படித்து முடிக்க நாலு நாள் ஆயிற்று, வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு. என்னிடம் வந்து கேட்டது ஒரே ஒரு சொல், "வழுக்கி". இப்போது இரண்டாவதில் இருக்கிறாள்.

உன் ஆற்றில் மீன் நிறைய ஏறட்டும், கரடிகள் வேறு வழியாகப் போகட்டும், உன் காலுறைகள் ஒரு நாளாவது காயட்டும், நீ நல்லபடியாக இரு. அப்பாவின் அன்பும் சைலஸின் தீர்ப்புகளும் இதோடு வருகின்றன. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள், போன் கிடைக்கிற இடத்துக்கு வந்தால் மீதிக் கடிதங்களில் என்ன எழுதினாய் என்று அவளிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதே. இனிமேல் எழுதுவதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது, ஆனால் சின்னப் பிள்ளைக்கு எழுதுவதுபோல எழுதாதே. நேற்று சாத்தின கதவுக்குப் பின்னால் அவள் சத்தமாகச் சிரித்தாள். நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

உன்,
கோரின்